நெருக்கத்திலிருந்து விசாலத்துக்கு: அன்றாட அழுத்தத்தை விசுவாசத்தோடும் தைரியத்தோடும் சந்திக்க ஒரு முழுமையான வழிகாட்டி

'மன அழுத்தம்' என்பது நம் காலத்துச் சொல். வேதாகமம் அதே அனுபவத்தை 'நெருக்கம்' என்கிறது. "நெருக்கத்திலிருந்து கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டேன், கர்த்தர் என்னைக் கேட்டருளி விசாலத்திலே வைத்தார்" என்பது 118-ஆம் சங்கீதத்தின் 5-ஆம் வசனம். எபிரெய மூலத்தில் முதற்சொல் கைகால் நீட்ட முடியாத இடுக்கையும், பிந்தைய சொல் தடையில்லாத வெளியையும் குறிக்கின்றன. அழுத்தத்தில் சிக்கிய எவருக்கும் இந்த உருவகம் விளக்கமின்றியே புரியும். கடன் தவணை, மேலதிகாரி விதித்த கெடு, நோயுற்ற பெற்றோரின் பராமரிப்பு, பிள்ளைகளின் எதிர்காலம் என எதுவானாலும், முதலில் நேரம் குறுகுகிறது; பிறகு பார்வை குறுகி, அந்த ஒரு பிரச்சினையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாமல் போகிறது; கடைசியில் ஜெபமும் குறுகி, "ஆண்டவரே, எப்படியாவது" என்ற இரண்டு சொற்களாகச் சுருங்கிவிடுகிறது.

விசுவாசி நெருக்கப்படமாட்டான் என்று வேதம் எங்கும் வாக்களிக்கவில்லை. "நாங்கள் எப்பக்கத்திலும் நெருக்கப்பட்டும் ஒடுங்கிப்போகிறதில்லை" என்று எழுதிய பவுல், அதே நிருபத்தில், சபைகளைக் குறித்த கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்றும் எழுதினார் (2 கொரிந்தியர் 4:8, 11:28). நாள்தோறும் என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்போஸ்தலனுக்கும் அது என்றோ ஒரு நாள் வந்து போன சோதனையாக இல்லை. அன்றாட வாழ்க்கையின் பகுதியாகவே இருந்தது. ஆகவே நெருக்கப்படுவதை ஆவிக்குரிய தோல்வியாக எண்ணி வெட்கப்படுவதை முதலில் விட்டுவிடலாம்.

தைரியம் என்ற சொல்லையும் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். "உங்கள் தைரியத்தை விட்டுவிடாதிருங்கள்" என்று எபிரெயர் 10:35 சொல்லும்போது, அங்குள்ள கிரேக்கச் சொல்லின் அடிப்படைப் பொருள், அஞ்சாமல், மறைக்காமல், எல்லாவற்றையும் பேசும் சுதந்தரம் என்பதாகும். தகப்பனிடம் பிள்ளை தயங்காமல் சென்று உள்ளதை உள்ளபடி சொல்லும் உரிமை அது. தன்னம்பிக்கை என்று பொதுவாக நாம் சொல்வது, நம் திறமையை நாமே நோக்கிப் பார்க்கச் சொல்கிறது. ஆனால் திறமை தீர்ந்துபோன நாளில்தானே நெருக்கம் வருகிறது? அப்படிப்பட்ட நாளில் தன்னைத்தான் பார்ப்பவனுக்கு அங்கே ஒன்றும் கிடைப்பதில்லை.

இந்த வழிகாட்டி ஒரே ஓர் அதிகாரத்தை முதுகெலும்பாகக் கொண்டிருக்கிறது: 1 சாமுவேல் 30. அழுத்தத்தைப் பற்றி வேதத்தில் எத்தனையோ வசனங்கள் உண்டு என்றாலும், ஒரு மனிதன் நெருக்கத்தின் உச்சியிலிருந்து வெளியேறிய ஒவ்வோர் அடியையும் இவ்வளவு வரிசையாகக் காட்டும் பகுதி வேறொன்று எனக்குத் தெரியாது. தாவீதும் அவனுடைய மனிதர் 600 பேரும் மூன்றாம் நாளில், தாங்கள் குடியிருந்த சிக்லாகுக்குத் திரும்புகிறார்கள். ஊர் எரிந்து கிடக்கிறது. மனைவிகளையும் பிள்ளைகளையும் அமலேக்கியர் பிடித்துச் சென்றுவிட்டார்கள். கூட இருந்த மனிதர்களே தாவீதைக் கல்லெறிய வேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள். "தாவீது மிகவும் நெருக்கப்பட்டான்" என்று எழுதப்பட்டிருக்கிறது. அவன் என்ன செய்தான் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி: அழுகையை அடக்காமல், சுமைக்குப் பெயர் சூட்டுங்கள்

அவர்கள் முதலில் செய்த காரியம், அழப் பெலனில்லாமல் போகுமட்டும் சத்தமிட்டு அழுததுதான். ஜெபத்துக்கும் முன்பாக அழுகை வருகிறது. அதற்காக யாரும் கடிந்துகொள்ளப்படவில்லை. "நான் நன்றாயிருக்கிறேன், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று உடனே சொல்லப் பழகிய நமக்கு இது கடினமாக இருக்கலாம். 88-ஆம் சங்கீதத்தை ஒரு முறை வாசித்துப் பாருங்கள். புலம்பலில் தொடங்கும் பெரும்பாலான சங்கீதங்கள் துதிக்குத் திரும்பும். இதுவோ இருளிலேயே முடிகிறது. அதையும் பரிசுத்த ஆவியானவர் நம் ஜெபப் புத்தகத்தில் விட்டுவைத்திருக்கிறார் என்பது எனக்குப் பல இரவுகளில் ஆறுதலாக இருந்திருக்கிறது.

அழுது முடித்தபின், ஒரு தாளை எடுத்து, உங்களை நெருக்குகிறவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள். "எல்லாமே பாரமாக இருக்கிறது" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எழுதியபின், அவற்றில் மூன்று வகை இருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். சில, வேலையின் அளவினால் வருபவை. செய்ய வேண்டியது அதிகம், கைகள் குறைவு. சில, பயத்தினால் வருபவை. இன்னும் நடக்காத ஒன்று, மருத்துவ அறிக்கை, தேர்வு முடிவு, வேலை நிலைக்குமா என்ற கேள்வி. மற்றவை மனிதர்களால் வருபவை. நம் மனசாட்சி மறுக்கிற ஒன்றைச் செய்யும்படி யாரோ நெருக்குகிறார்கள். இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. வேலை மிகுதிக்குப் பங்கிடுதலும் ஓய்வும் தேவை. பயத்துக்கு வாக்குத்தத்தமும் ஜெபமும் தேவை. மனிதரின் நெருக்குதலுக்கு முன்கூட்டிய தீர்மானம் தேவை. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான், ஓய்வு தேவைப்படுகிறவர் இன்னொரு உபவாசத்தை மேற்கொண்டு மேலும் சோர்ந்துபோகிறார். "இல்லை" என்று சொல்ல வேண்டியவர் சமாதானத்துக்காக ஜெபித்துக்கொண்டே இருக்கிறார்.

கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தில், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லும் 2-ஆம் வசனமும், அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்னும் 5-ஆம் வசனமும் முரண்படுவதுபோலத் தோன்றும். கிரேக்க மூலத்தில் இரண்டும் வெவ்வேறு சொற்கள்: முதலாவது தனியாளை நசுக்கும் பளு, இரண்டாவது ஒருவன் தன் தோளில் ஏற்றுக்கொண்டு நடக்க வேண்டிய மூட்டை. உங்கள் தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இது நான் சுமக்க வேண்டிய மூட்டையா, பிறர் தோள் கொடுக்க வேண்டிய பளுவா என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு வகையும் வெளிப்படலாம்: யாரும் கேட்காமல் நாமே தூக்கிக்கொண்டவை. அவற்றை இறக்கி வைப்பதற்கு நமக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இரண்டாம் படி: உடலைக் கவனித்த பிறகே பெரிய கேள்விகளுக்குப் போங்கள்

இந்தப் படியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏனெனில் இதற்குத் தேவை விளக்கத்தைவிடக் கீழ்ப்படிதல். சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாவைக் கேட்ட எலியாவுக்குக் கர்த்தர் அனுப்பிய முதல் செய்தி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்பதே. அவன் உண்டு, குடித்து, மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் முறையும் வந்து உணவையே காட்டினான் (1 இராஜாக்கள் 19). "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, அவன் 40 நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பின்னரே வருகிறது.

அழுத்தத்தின்போது உடலில் அட்ரினலினும் கார்ட்டிசோலும் சுரந்து, இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, தூக்கம் கலைகிறது. இது பாவமும் அல்ல, அவிசுவாசமும் அல்ல. ஆபத்தில் ஓடவும் எதிர்க்கவும் தேவன் உடலில் வைத்த ஏற்பாடு. அந்த நிலையில் மூச்சை உள்ளே இழுப்பதைவிட நீண்ட நேரம் எடுத்து மெதுவாக வெளியே விடும்போது, இதயத்துடிப்பு தணிகிறது. மூச்சை இழுக்கும்போது "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்றும், விடும்போது "நான் தாழ்ச்சியடையேன்" என்றும் மனதில் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். மேலும், இரவு பத்து மணிக்கு மேல் எந்தப் பெரிய முடிவையும் எடுப்பதில்லை என்று ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்ற சங்கீத வசனத்தை (127:2), தூங்குவதற்கான கட்டளையாகவே நான் எடுத்துக்கொள்வதுண்டு.

மூன்றாம் படி: கர்த்தருக்குள் திடப்படுத்திக்கொள்ளுங்கள்

"தாவீது தன் தேவனாகிய கர்த்தருக்குள்ளே தன்னைத் திடப்படுத்திக்கொண்டான்." இந்த ஒரு வாக்கியத்தில்தான் அதிகாரம் திரும்புகிறது. ஆனால் அதை எப்படிச் செய்தான் என்று அங்கே எழுதப்படவில்லை. தாவீதின் வாழ்க்கையையும் சங்கீதங்களையும் சேர்த்து வாசிக்கும்போது மூன்று பழக்கங்கள் தெரிகின்றன.

முதலாவது, நினைவுகூருதல். கோலியாத்தின் முன் நிற்பதற்கு முன்பு, ராஜாவாகிய சவுலிடம் தாவீது தன் வலிமையை நம்பிப் பேசவில்லை. சிங்கத்தின் கைக்கும் கரடியின் கைக்கும் தன்னைத் தப்புவித்த கர்த்தரைப் பற்றிப் பேசினான். அவனுடைய தைரியத்துக்கு ஒரு வரலாறு இருந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. ஆனால் நெருக்கத்தின் நேரத்தில் அது ஞாபகத்துக்கு வராது என்பதுதான் சிக்கல். எனவே நெருக்கமில்லாத நாளில், ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில், கர்த்தர் உங்களை நடத்திய சந்தர்ப்பங்களைத் தேதியோடு எழுதி வையுங்கள். பெரிய அற்புதங்களாக இருக்க வேண்டியதில்லை. கட்டணம் கட்டவேண்டிய நாளில் வந்து சேர்ந்த தொகை, கசந்துபோன உறவு சரியான நாள், கதவு மூடப்பட்டு, பிறகு அது மூடப்பட்டதே நல்லது என்று புரிந்த நாள். நெருக்கம் வரும்போது புதிய வாக்குத்தத்தத்தைத் தேடி ஓடாமல், அந்தப் புத்தகத்தைத் திறந்து வாசியுங்கள்.

இரண்டாவது, தன் ஆத்துமாவோடு பேசுதல். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற கேள்வி 42, 43-ஆம் சங்கீதங்களில் மூன்று முறை வருகிறது. ஒரே முறை கேட்டவுடன் கலக்கம் அடங்கிவிடவில்லை. சங்கீதக்காரன் மறுபடியும், அதற்குப் பிறகு இன்னொரு முறையும் கேட்க வேண்டியிருந்தது. வழக்கமாக நாம் நம் உள்ளம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்: "இது முடியாது, எல்லாம் போயிற்று, உன்னால்தான் இப்படி ஆயிற்று." சங்கீதக்காரனோ கேட்பதை நிறுத்திவிட்டுத் தானே பேசத் தொடங்குகிறான். இதைச் சத்தமாகச் செய்யுங்கள். அறைக் கதவை மூடிக்கொண்டு, உங்கள் பெயரைச் சொல்லி, உங்கள் பயத்துக்கு நேரான வசனத்தை உங்களுக்கே சொல்லுங்கள். முதல் நாளில் செயற்கையாகத் தோன்றும். தொடருங்கள்.

மூன்றாவது, நெருக்கத்துக்கு முன்பே வேரூன்றிய ஒழுங்கு. ராஜாவைத் தவிர வேறெவரிடமும் ஜெபிப்பவனைச் சிங்கக் கெபியில் போடும்படியான கட்டளை கையெழுத்தானதை அறிந்தும், தானியேல் தன் மேலறைக்குப் போய், "முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளையும் ஜெபித்தான். அவன் யூதாவிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டு 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அன்றைய தைரியம் அன்று பிறந்ததல்ல. அந்த நீண்ட ஆண்டுகளில் மடங்கிய முழங்கால்களில் பிறந்தது. நெருக்கம் வந்தபின் புதிதாக ஒரு மணி நேர ஜெபத்தைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நான்காம் நாளில் நின்றுவிடுகிறார்கள். அதைவிட, காலை, நண்பகல், இரவு என மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் ஐந்து நிமிடம் என்று ஆரம்பியுங்கள். காலையில் ஒரு சங்கீதம். நண்பகலில் வேலையின் நடுவே அந்தச் சங்கீதத்தின் ஒரே வரி. இரவில் அன்றைய நாளுக்கான ஸ்தோத்திரமும் பாவ அறிக்கையும். பயணத்திலும் வியாதியிலும்கூட விடாமல் பிடித்துக்கொள்ளத்தக்க அளவுக்கு அது சிறியதாக இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13-ஐ, எடுத்த காரியம் எல்லாம் வெற்றியாகும் என்ற உத்தரவாதமாக நாம் சுவரில் மாட்டிவைக்கிறோம். அதற்கு முந்திய வசனங்களில் பவுல் பேசுவது, தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் தான் கற்றுக்கொண்டதைப் பற்றி. கட்டுண்டவராய் அதை எழுதினார். தோற்றாலும் விழுந்துபோகாத பெலன் அது. அந்தப் பொருளில் அதைச் சொல்லிக்கொள்கிறவர்களை, முடிவு எப்படி வந்தாலும் அந்த வசனம் ஏமாற்றுவதில்லை.

நான்காம் படி: கடிதத்தை விரித்து வைத்து, கர்த்தரிடம் கேளுங்கள்

திடப்பட்டவுடன் தாவீது ஆசாரியனாகிய அபியத்தாரிடம், கர்த்தருடைய சித்தத்தைக் கேட்க உதவும் ஆசாரிய உடையான ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்லி, "நான் அந்தத் தண்டைப் (கொள்ளைக்கூட்டத்தைப்) பின்தொடர வேண்டுமா?" என்று கேட்டான். எவருக்கும் பதில் வெளிப்படையாகத் தெரிகிற கேள்வி இது. மனைவி பிள்ளைகளைப் பிடித்துச் சென்றவர்களைப் பின்தொடராமல் இருப்பார்களா? அதையும் கேட்டான். இதன் பின்னணியை 27-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். தன்னைக் கொல்லத் தேடிய சவுலின் கையில் ஒரு நாள் மடிந்துபோவேன் என்று தன் மனதுக்குள் சொல்லிக்கொண்டு, தாவீது பெலிஸ்தரின் நாட்டுக்குள் போய்விட்டான். கர்த்தரிடம் கேட்டதாக அங்கே ஒரு வரியும் இல்லை. ஒரு வருடமும் நான்கு மாதமும் அங்கே குடியிருந்தான். சிக்லாகு என்ற ஊரே அந்தப் பயத்தின் தீர்மானத்தால் அவனுக்குக் கிடைத்தது. நெருக்கத்தில் எடுத்த ஒரு முடிவு இன்னொரு நெருக்கத்துக்குள் கொண்டுபோய் விடுவதை நம்மில் பலர் அனுபவித்திருக்கிறோம். பழைய கடனை அடைக்க வாங்கிய புதிய கடனைப்போல.

கேட்பது எப்படி? கி.மு. 701-இல் அசீரிய ராஜாவான சனகெரிப் எருசலேமை நெருக்கி, மிரட்டல் கடிதம் அனுப்பியபோது, எசேக்கியா அதை வாங்கி வாசித்து, ஆலயத்துக்குப் போய், கர்த்தருக்கு முன்பாக விரித்தான் (2 இராஜாக்கள் 19:14). விரித்ததைப் பற்றிப் பல பிரசங்கங்கள் கேட்டிருப்போம். முதலில் அவன் வாசித்தான் என்பதை நாம் கவனிப்பதில்லை. அழுத்தத்தில் இருப்பவர்கள் வங்கியிலிருந்து வந்த கடிதத்தைத் திறப்பதில்லை, பரிசோதனை அறிக்கையை வாங்கப் போவதில்லை, அந்த ஓர் எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுப்பதில்லை. திறக்காத கடிதத்தைக் கர்த்தருக்கு முன்பாக விரிக்க முடியாது. ஆகவே திறந்து வாசியுங்கள். தனியாக முடியாவிட்டால் நம்பத்தக்க ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். பிறகு அந்தத் தாளையே மேசையில் வைத்து, வரிவரியாக ஜெபியுங்கள்: தொகை இவ்வளவு, கெடு இந்தத் தேதி, எனக்குப் பயம் இது, என் தவறு இது, எனக்கு வேண்டியது இது. விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தெரியப்படுத்துங்கள் என்று பிலிப்பியர் 4:6 சொல்கிறது. ஸ்தோத்திரம் அங்கே சம்பிரதாயமாகச் சேர்க்கப்பட்டதல்ல. எரிந்துபோகாமல் எஞ்சியிருப்பவற்றை எண்ணிப் பார்க்கும்போது பார்வை அகலுகிறது. அடுத்த வசனம், தேவசமாதானம் இருதயங்களையும் சிந்தைகளையும் காத்துக்கொள்ளும் என்கிறது. அந்தச் சொல் கிரேக்கத்தில் காவற்படை நகரத்தைக் காப்பதற்கு வழங்கும் சொல். முற்றுகை விலகும் என்ற வாக்கு அந்த வசனத்தில் இல்லை; வாசலில் காவல் நிற்கும் என்ற வாக்கு இருக்கிறது.

ஏபோத் நம்மிடம் இல்லை. ஆகவே பதிலைக் கண்டறிய அடையாளங்களைத் தேடி அலைய வேண்டாம். வேத வசனம் வெளிப்படையாகத் தடுக்கிறதா? என்னை நேசிக்கிற, முதிர்ந்த விசுவாசிகள் இருவர் என்ன சொல்கிறார்கள்? இந்த முடிவை எடுக்கத் தூண்டுவது பயமா, அன்பா? இந்த மூன்று கேள்விகளோடு காத்திருங்கள். எருசலேமின் மதில் இடிந்துகிடப்பதைக் கேள்விப்பட்ட நெகேமியா, கிஸ்லேவு மாதம் தொடங்கி நிசான் மாதம்வரை ஏறக்குறைய நான்கு மாதம் ஜெபித்தான். அதனால்தான் பெர்சிய ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்றபோது, கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் கிடைத்த ஒரு கணத்தின் ஜெபம் அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

சவுலோ கில்காலில் ஏழு நாள் காத்திருந்து, ஜனங்கள் சிதறுவதைக் கண்டு, தீர்க்கதரிசியாகிய சாமுவேல் வருவதற்குச் சற்று முன்பாக அவசரப்பட்டுத் தானே பலியிட்டான். பலி செலுத்தி முடிகிற வேளையில் சாமுவேல் வந்துவிட்டார். அந்த நிகழ்ச்சியை நான் அச்சத்தோடுதான் வாசிக்கிறேன்.

ஐந்தாம் படி: இன்றைய அடியை எடுத்துவையுங்கள்

"பின்தொடர்" என்ற பதில் வந்தவுடன் தாவீது எழுந்து நடந்தான். ஜெபம் செயலுக்கு மாற்று என்று அவன் நினைக்கவில்லை. எருசலேமின் மதிலைக் கட்டியவர்களும் அப்படியே: தேவனை நோக்கி ஜெபித்தார்கள், இராப்பகல் ஜாமக்காரரையும் நிறுத்தினார்கள் (நெகேமியா 4:9). 52 நாளில் மதில் முடிந்தது.

நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள், அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும் என்று ஆண்டவர் சொன்னதை நடைமுறைப்படுத்த, உங்கள் பட்டியலில் இன்றைக்கு உரியதை மட்டும் வேறொரு தாளில் எழுதி, மற்றதை மூடி வையுங்கள். மூன்று வரிக்குமேல் வேண்டாம். மோசே காலைமுதல் சாயங்காலம்வரை தனியே நியாயம் விசாரித்ததைப் பார்த்த அவருடைய மாமனாகிய எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று வெளிப்படையாகச் சொல்லி, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னான். அது கர்த்தருடைய ஊழியம்தான்; ஆயினும் செய்த விதம் நல்லதல்ல. சபையில் ஐந்து பொறுப்புகளை ஒருவரே சுமந்துகொண்டு, வீட்டில் எல்லோர்மேலும் எரிந்துவிழுகிற அன்பான சகோதரருக்கும் சகோதரிக்கும் இதை மெதுவாகச் சொல்ல விரும்புகிறேன். கப்பர்நகூமில் "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்று சீஷர்கள் சொன்னபோது, இயேசு அந்தக் கூட்டத்திடம் திரும்பாமல் அடுத்த ஊர்களுக்குப் போனார். அதற்கு முன்பு, அதிகாலை இருட்டோடே வனாந்தரத்தில் ஜெபித்திருந்தார். எதற்கு வந்தோம் என்பது பிதாவின் முன்னிலையில் தெளிவாகும்போது, எதை விட வேண்டும் என்பதும் தெளிவாகிறது.

மனிதர்களே நெருக்கும்போது

இதைத் தனியாக எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது. கணக்கில் ஓர் எண்ணை மாற்றி எழுதச் சொல்லும் மேலதிகாரி, "எல்லோரும் செய்வதுதானே" என்னும் நண்பர்கள், விசுவாசத்தைக் கேலி செய்யும் வகுப்பறை: இங்கே வேலை மிகுதியும் இல்லை, எதிர்காலப் பயமும் முதன்மையானதல்ல. விழுந்தவர்களின் பட்டியல் நீளமானது. ஆரோன் ஜனங்களின் நெருக்குதலால் கன்றுக்குட்டியைச் செய்தான். பேதுருவே அந்தியோகியாவில் சிலர் வந்தவுடன் பயந்து, புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகினார்.

தானியேலின் முதல் அதிகாரம் இதற்கு நல்ல பயிற்சி. ராஜாவின் போஜனம் தட்டில் வருமுன்பே, தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று அவன் தீர்மானித்துவிட்டான். பிறகு பிரதானிகளின் தலைவனிடம் மரியாதையாக வேண்டிக்கொண்டான். ஆர்ப்பாட்டமோ பிரசங்கமோ செய்யவில்லை. அந்த அதிகாரி தன் தலைக்கு ஆபத்து வரும் என்று அஞ்சியபோது, அந்தப் பயத்தை அலட்சியம் செய்யாமல், மேற்பார்வைக்காரனிடம் பத்து நாள் சோதித்துப் பார்க்கும்படி ஒரு மாற்றுவழியை வைத்தான். நீங்களும் உங்கள் எல்லையை அமைதியான நாளில் எழுதிவையுங்கள், சொல்ல வேண்டிய வாக்கியத்தை முன்னதாகவே சொல்லிப் பழகுங்கள்: "ஐயா, இந்த எண்ணை மாற்றி எழுத என்னால் முடியாது, ஆனால் உண்மையான கணக்கை வைத்து விளக்கக் கடிதம் ஒன்றை இன்றைக்கே தயாரித்துத் தருகிறேன்." உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொன்ன ஆண்டவர், நீண்ட விளக்கங்களை நம்மிடம் எதிர்பார்க்கவில்லை.

இதன் விலை சில சமயம் அதிகமாகும். அப்போது, அக்கினிச் சூளையைக் காட்டி மிரட்டப்பட்ட சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோவின் "விடுவிக்காமற்போனாலும்" என்ற சொல் நமக்குத் தேவைப்படும். தேவன் வல்லவர் என்று அறிக்கை செய்த அதே மூச்சில், அவர் விடுவிக்காமல் போகலாம் என்பதையும் ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகும் ராஜா நிறுத்திய பொற்சிலையை வணங்க மறுத்தார்கள். முடிவைத் தேவனிடம் விட்டுவிட்டவனை மிரட்ட ராஜாவின் கையில் வேறு ஆயுதம் இல்லாமல் போயிற்று.

ஆறாம் படி: பேசோர் ஆற்றங்கரையில் நிற்க நேர்ந்தால்

600 பேரில் 200 பேர் பேசோர் ஆற்றைக் கடக்க முடியாதபடி விடாய்த்துப்போனார்கள். தாவீது அவர்களைச் சபிக்கவில்லை, இழுத்துக்கொண்டு போகவும் இல்லை. மூட்டைகளின் அருகில் இருக்கவிட்டு, 400 பேரோடு தொடர்ந்தான். சில பருவங்களில் நீங்கள் அந்த 200 பேரில் ஒருவராக இருப்பீர்கள். அப்போது அதை மறைக்காமல் இருவரிடமாவது சொல்லுங்கள். கெத்செமனேயில் நம் ஆண்டவரே, தம்முடைய ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருப்பதை மூன்று சீஷர்களிடம் சொல்லி, தம்மோடுகூட விழித்திருக்கும்படி கேட்டார். துணை கேட்பது விசுவாசத்துக்குக் குறைவானால், அவர் அதைச் செய்திருக்கமாட்டார்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, ஓயாத நடுக்கம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேலும் நீடித்தால், மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். உயிரோடிருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், காத்திராமல் அன்றைக்கே யாரிடமாவது சொல்லி உதவி பெறுங்கள். பவுலோடு பயணம் செய்த லூக்கா பிரியமான வைத்தியன் என்றே அழைக்கப்படுகிறார். மாத்திரை எடுத்துக்கொள்வதால் ஜெபம் பலவீனப்படுவதில்லை.

இப்படி ஒருவர் உங்களிடம் வந்தால், "இது விசுவாசக் குறைவு" என்று சொல்லிவிடாதீர்கள். யோபின் நண்பர்கள் செய்தவற்றில் மிக நல்ல காரியம், அவர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான். வாயைத் திறந்த பிறகே தவறினார்கள்.

வழியில் கிடப்பவரைப் பாருங்கள்

அவசரமான அந்தப் பயணத்தின் நடுவில், வெளியில் விழுந்துகிடந்த ஓர் எகிப்தியப் பிள்ளையாண்டானைக் காண்கிறார்கள். மூன்று நாள் இரவும் பகலும் அவன் உண்ணவும் குடிக்கவும் இல்லை. வியாதிப்பட்டதால் அவனுடைய அமலேக்கிய எஜமான் கைவிட்டுவிட்டான். சொந்தப் பிள்ளைகளைத் தேடி ஓடுகிறவர்கள் நின்று, அவனுக்கு அப்பமும் தண்ணீரும் அத்திப்பழ அடையும் வற்றலான திராட்சைக்குலைகளும் கொடுக்கிறார்கள். அவன்தான் பிறகு அமலேக்கியரின் இடத்துக்கு வழிகாட்டினான். பலன் கிடைக்கும் என்று எதிர்பார்த்து அவர்கள் உணவு கொடுத்ததாக எழுதப்படவில்லை. நெருக்கம் நம் கண்களை நம்மீதே திருப்பிவிடுகிறது. ஆகவே உங்கள் கடினமான வாரங்களில், வாரத்துக்கு ஒரு முறையாவது, வேறொருவருடைய தேவைக்காகச் சிறிய காரியம் ஒன்றைச் செய்யுங்கள். ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு வேளை உணவு, மருத்துவமனையில் அரைமணி நேரம். உங்கள் இடுக்கான அறையில் ஒரு சன்னல் திறப்பதை நீங்களே உணர்வீர்கள்.

ஏழாம் படி: நெருக்கம் நீங்கிய பிறகு

சில நெருக்கங்கள் நீங்குவதில்லை. தன் மாம்சத்தில் கொடுக்கப்பட்ட 'முள்' எடுக்கப்பட வேண்டும் என்று பவுல் மூன்று முறை வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்பதே பதிலாயிற்று. அப்படிப்பட்டவர்கள் மேலே சொன்ன மூன்று வேளை ஒழுங்கையும், இன்றைய மூன்று வரிகளையும், இரண்டு நண்பர்களையும் நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளட்டும்.

நீங்கும்போது, தாவீது செய்த இரண்டு காரியங்களை நீங்களும் செய்யலாம். சகலத்தையும் திருப்பிக்கொண்டு வந்தபோது, பின்தங்கியவர்களுக்குக் கொள்ளையில் பங்கு கொடுக்கலாகாது என்று சிலர் வாதிட்டார்கள். கர்த்தர் நமக்குத் தந்ததை அப்படிச் செய்ய வேண்டாம் என்று தாவீது சொல்லி, யுத்தத்துக்குப் போனவர்களுக்கும் மூட்டைகளின் அருகில் இருந்தவர்களுக்கும் சரிபங்கு என்று முடிவு செய்தான்; அது இஸ்ரவேலில் பிரமாணமாயிற்று. பின்பு சிக்லாகுக்கு வந்து, தானும் தன் மனிதரும் நடமாடிய இடங்களில் இருந்த யூதாவின் மூப்பர்களுக்குக் காணிக்கை அனுப்பினான். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் புதிய தேதி ஒன்றை எழுதுங்கள். அந்த நாட்களில் உங்களோடு உட்கார்ந்திருந்தவர், பணம் கொடுத்தவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர், தூரத்திலிருந்து ஜெபித்தவர் ஆகியோரின் பெயர்களை அதன் கீழே எழுதி, இந்த வாரத்துக்குள் அவர்கள் ஒவ்வொருவரிடமும் சென்றோ அழைத்தோ, கர்த்தர் என்ன செய்தார் என்பதை விவரமாகச் சொல்லுங்கள்.